கரையேறிய பின்னும் நிற்கும் ஈமான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் அண்மையில் வெளியான வாசகர் கடிதம் ஒன்று, நடுக்கடலில் சூறைக்காற்றில் சிக்கிய நாட்டுப் படகிலிருந்து உயிர் தப்பியவர்களின் அனுபவத்தை விவரித்துவிட்டு, இறைவன் ஒருவருக்கு ஹிதாயத்தை, அதாவது நேர்வழியை, வழங்கியிருக்கிறான் என்பதற்கு இத்தகைய மீட்பே கண்கூடான அடையாளம் என்று முடிந்திருந்தது. தப்பி வந்தவர்கள் நீடு வாழட்டும். அவர்களுடைய நன்றியுணர்வில் குறை காண எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் அந்த முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டால், திரும்பி வராத படகுகளில் இருந்தவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வி இராமநாதபுரம் கடற்கரையில் வாழும் எங்களுக்கு எழாமல் போகாது.

1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அங்கே சென்றுகொண்டிருந்த பயணிகள் ரயில், பயணிகளோடு கடலுக்கு இரையானது. அந்த இருட்டில் இறைவனை அழைக்காத வாய் ஒன்றாவது இருந்திருக்குமா? அழைத்தவர்களில் பிழைத்தவர்களும் இருந்தார்கள், மாண்டவர்களும் இருந்தார்கள். பிழைத்ததை நேர்வழியின் அடையாளமாக வைத்தால், மாண்டவர்களுடைய வீட்டாரிடம் நாம் என்ன சொல்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குர்ஆன் இந்த இடத்தில் நாம் எதிர்பார்க்கும் திசையில் பேசுவதில்லை. இரண்டாம் அத்தியாயமான அல்பகராவின் 155 முதல் 157 வரையிலான வசனங்களில், அச்சத்தாலும் பசியாலும், பொருள்கள், உயிர்கள், விளைச்சல் ஆகியவற்றின் இழப்பாலும் மனிதர்களைச் சோதிப்பதாக இறைவன் அறிவிக்கிறான். அப்படித் துன்பம் வந்தடையும்போது ‘இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்’, நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்று சொல்லும் பொறுமையாளர்களைச் சுட்டி, அவர்களே நேர்வழி பெற்றவர்கள் என்று அந்தப் பகுதி முடிகிறது. அந்தப் பெயர் அங்கே துன்பத்திலிருந்து மீட்கப்பட்டவர்களுக்குச் சூட்டப்படவில்லை. இழந்துவிட்டு அந்த வாக்கியத்தைச் சொன்னவர்களுக்கே சூட்டப்படுகிறது.

இந்தக் கரையில் அந்த வாக்கியம் புத்தகத்தில் இருப்பதல்ல. கடலுக்குப் போனவர்கள் குறித்த நேரத்தில் திரும்பாதபோதும், எல்லை தாண்டியதாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்ற தகவல் வரும்போதும், வளைகுடாவில் வேலைபார்க்கும் மகனின் மவுத்துச் செய்தியை நடுச்சாமத்தில் யாரோ கைப்பேசியில் சொல்லும்போதும், வீட்டில் இருக்கும் உம்மாவின் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் திட்டமிடுவதில்லை. திட்டமிட அவகாசமும் இல்லை. மண்ணறை ஒன்றின் அருகே அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் பொறுமை கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் என்றும், அவர்கள் யாரென்று அறியாமல் அந்தப் பெண் கடிந்து பேசிவிட்டுப் பிறகு வருந்தி வீடு தேடி வந்தபோது, பொறுமை என்பது முதல் அடியின்போதே இருக்க வேண்டியது என்று பதிலளித்தார்கள் என்றும் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. முதல் அடி விழும் கணத்தில் யோசித்துத் தேர்ந்தெடுக்க முடியாது. உள்ளே ஏற்கெனவே வைக்கப்பட்டிருப்பதுதான் அப்போது வெளியே வரும். “எவர் அல்லாஹ்வை நம்புகிறாரோ அவருடைய உள்ளத்துக்கு அவன் வழிகாட்டுகிறான்” என்ற, குர்ஆனின் 64ஆம் அத்தியாயத்து 11ஆம் வசனம் (64:11), துன்பம் எதுவும் அவன் அனுமதியின்றி நிகழ்வதில்லை என்ற வாக்கியத்தை அடுத்தே வருவதைக் கவனிக்க வேண்டும்.

கடலில் கிடைக்கும் மீட்பைப் பற்றிக் குர்ஆன் பேசவே இல்லையா என்றால், பல இடங்களில் பேசுகிறது. ஆனால் பாராட்டாக அல்ல. பத்தாம் அத்தியாயத்தின் 22, 23ஆம் வசனங்களில், இதமான காற்றில் கப்பல் செல்லும்போது மகிழ்ந்திருந்தவர்கள், புயல் வந்து எல்லாப் பக்கமும் அலை சூழ்ந்ததும், இதிலிருந்து காப்பாற்றினால் நன்றியுள்ளவர்களாக இருப்போம் என்று கலப்பற்ற மனத்தோடு இறைவனை அழைக்கிறார்கள். கரை சேர்ந்ததும் நிலத்தில் நியாயமின்றி வரம்பு மீறுகிறார்கள். 17:67, 29:65, 31:32 ஆகிய வசனங்களிலும் இதே காட்சி வருகிறது. இத்தனை முறை எச்சரிக்கப்பட்ட பிறகு, அலை நடுவில் எழும் கூக்குரலை ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், உச்சமாக எடுத்துக்கொள்வது எனக்கு விளங்கவில்லை. அலை அடங்கிய பின் என்ன மிஞ்சுகிறது என்பதையே அந்த வசனங்கள் கேட்கின்றன.

இதை நன்கு உணர்ந்த ஒருவரின் வரலாறு நம்மிடம் இருக்கிறது. மக்கா வெற்றிகொள்ளப்பட்ட கி.பி. 630இல், நபியவர்களின் கடும் எதிரியாக இருந்த அபூஜஹ்லின் மகன் இக்ரிமா உயிருக்கு அஞ்சித் தப்பியோடிக் கப்பலேறினார். கடலில் புயல் மூண்டது. உங்கள் தெய்வங்கள் இங்கே உதவமாட்டா, இறைவன் ஒருவனையே மனத்தூய்மையோடு அழையுங்கள் என்று கப்பலில் இருந்தவர்கள் சொன்னார்கள். அதற்கு இக்ரிமா சொன்னதாக நஸாயீ நபிமொழித் தொகுப்பில் வரும் கருத்து இது: கடலில் என்னைக் காப்பது இந்தத் தூய்மை ஒன்றுதான் என்றால், கரையிலும் இதைத் தவிர வேறொன்றும் என்னைக் காக்க முடியாது. தப்பினால் முஹம்மதிடம் சென்று அவர் கையில் கை வைப்பேன் என்று அங்கேயே வாக்களித்தார், கரையேறினார், சொன்னபடி சென்றார். புயல் அந்தக் கப்பலில் இருந்த அனைவருக்கும் பொதுவாக இருந்தது. இக்ரிமாவுக்குக் கிடைத்த வழிகாட்டல், கரையைப் பற்றி அவருக்குத் தோன்றிய அந்த எண்ணத்திலும், அதைக் கரையேறிய பிறகு மறக்காமல் நடந்து காட்டியதிலும் இருக்கிறது.

ஆகவே ஈமான் இறைவனின் கொடையாக வருகிறது என்பதைக் காண விரும்புபவர்கள் கரையில்தான் பார்க்க வேண்டும். சுபுஹு எனும் அதிகாலைத் தொழுகைக்கு எழுவதையே எடுத்துக்கொள்ளலாம். தொழுகைக்கு அழைக்கும் மோதினார் பாங்கில் தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று சொல்லி முடிப்பதற்குள் ஒருவருக்கு விழிப்பு வருகிறது. கைப்பேசி அலாரம்தான் எழுப்பியது என்று சொல்பவர் சொல்லட்டும். அதே அலாரத்தை அணைத்துவிட்டுப் புரண்டு படுத்த நாள்கள் எவருக்கும் உண்டு. அன்றும் ஒலி வந்தது, இன்றும் வந்தது. இன்று கால் தரையில் இறங்கியதற்கு நம் உறுதி மட்டுமே காரணம் என்று துணிந்து சொல்லக்கூடியவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. சொர்க்கம் புகுந்தவர்கள்கூட, “இறைவன் எங்களுக்கு வழிகாட்டியிராவிட்டால் நாங்கள் நேர்வழி அடைந்திருக்கவே மாட்டோம்” என்றுதான் சொல்வார்கள் என 7:43 கூறுகிறது.

எழுந்தவர் தொழுகையில் முதலில் கேட்பதும் இதைத்தான். கடமையான ஐந்து நேரத் தொழுகைகளில் 17 ரக்அத்கள், அதாவது தொழுகைச் சுற்றுகள், உள்ளன. ஒவ்வொன்றிலும் ஓதப்படும் ஃபாத்திஹா அத்தியாயத்தின் மையத்தில் ‘எங்களுக்கு நேரான வழியைக் காட்டுவாயாக’ என்ற வேண்டுதல் இருக்கிறது. ஏற்கெனவே நம்பிக்கை கொண்டு, ஒளு செய்து தூய்மையாகி, தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கி நிற்பவரே ஒரு நாளில் இத்தனை முறை வழி கேட்கிறார் என்றால், நம்பிக்கையின் உறுதிமொழியான கலிமாச் சொன்ன அன்றோ முஸ்லிம் வீட்டில் பிறந்த அன்றோ ஹிதாயத் ஒருமுறை கொடுக்கப்பட்டு முடிந்துபோவதில்லை என்றே பொருள். “உள்ளங்களைப் புரட்டுபவனே, என் உள்ளத்தை உன் மார்க்கத்தில் நிலைக்கச் செய்” என்று நபியவர்களே அடிக்கடி துஆ செய்துவந்ததாகத் திர்மிதீ நபிமொழித் தொகுப்பில் உள்ளது.

இனிக் கடைத்தெருவுக்கு வருவோம். ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு, அவற்றில் உயர்ந்தது வணக்கத்துக்குரியவன் அல்லாஹ் ஒருவனே என்று சொல்வது, கடைசிக் கிளை பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது, நாணமும் ஒரு கிளை என்று நபிமொழி ஒன்று சொல்கிறது. எங்கள் கரையில் படகுகள் ஒதுங்கும் இடத்தில் வலையைக் கொத்தும்போது கெளுத்தி முள்ளும் திருக்கை வாலும் மணலில் விழும். மிதித்தவருக்கு அன்று முழுவதும் வேறு வேலை ஓடாது. ஏலம் முடிந்து எல்லோரும் காசைக் கணக்குப் பார்க்கும் நேரத்தில், போகிற போக்கில் குனிந்து அந்த முள்ளைப் பொறுக்கி ஓரமாகப் புதைத்துவிட்டுப் போகிறவர்களை இன்றும் காணலாம். அவர்களிடம் ஏன் என்று கேட்டால் விழிப்பார்கள். அந்த நபிமொழியை நினைத்துச் செய்தவர்கள் சிலர். நினைக்காமலே கை போனவர்கள் பலர். எனக்கு இரண்டாமவர்களைப் பார்க்கும்போதுதான் வியப்பு கூடுகிறது.

நபியவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி இதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்றார்கள். நம் மீன்கடைகளில் கூறு கட்டுபவர்கள் அனைவருக்கும் இந்த நபிமொழி தெரிந்திருக்க வேண்டும். கண் சிவந்த பழைய மீனை அடியில் வைத்து மேலே புதுமீனை அடுக்குவது எவ்வளவு எளிது, ஐஸ் போட்ட பிறகு அதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது வாங்குபவரைவிட விற்பவருக்கே நன்றாகத் தெரியும். அடுக்கப் போன கை ஒரு கணம் நின்று, பழையதைத் தனியாக எடுத்து விலை குறைத்துச் சொல்கிறதே, அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது? வட்டிக்காரர் வாசலில் காத்திருக்க, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் பாக்கியிருக்க, சொந்த நலன் முழுவதும் எதிர்த்திசையில் இழுக்கும்போது வருகிற தயக்கம் அது.

இதைவிடக் கடினமான சோதனை மன்னார் வளைகுடாவில் உண்டு. கடல் அட்டை 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடை செய்யப்பட்ட உயிரினம். அந்தத் தடை நியாயமா, தளர்த்தப்பட வேண்டுமா என்று மீனவர்கள் நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள். அது தனி விவாதம். வேறு மீனுக்காக விரித்த வலையில் அட்டை ஏறிவிடுகிறது. கள்ளச் சந்தையில் அதற்குக் கிடைக்கும் விலை பல நாள் உழைப்பின் வருமானத்தைவிட அதிகம். சுற்றிலும் தண்ணீரைத் தவிர சாட்சி இல்லை. அதை எடுத்துத் திரும்பக் கடலில் விடுகிறவர் சட்டத்துக்குப் பயந்தே விடுகிறார் என்று வைத்துக்கொண்டாலும், பிடிபட வாய்ப்பே இல்லாத இடத்திலும் விடுகிறவரை என்னவென்று சொல்வது? நீ இறைவனைக் காணாவிட்டாலும் அவன் உன்னைக் காண்கிறான் என்ற உணர்வோடு அவனை வணங்குவதே இஹ்ஸான் என்று நபியவர்கள் விளக்கிய நிலை, பள்ளிவாசலின் முதல் வரிசையில் நிற்பவருக்குக் கைகூடுவதற்கு முன்பே சில வேளைகளில் சிறு படகான வத்தையில் தனியாக நிற்பவருக்குக் கைகூடிவிடுகிறது.

அசாதாரணத்தில் அடையாளம் தேடும் பழக்கம் வேறொரு விதத்திலும் நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போதும், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும்போதும் நல்ல முடிவை இறைவனிடம் வேண்டும் இஸ்திகாராத் தொழுகையைத் தொழுதுவிட்டுக் கனவுக்காகக் காத்திருக்கிறார்கள். பச்சையும் வெள்ளையும் தெரிந்தால் நல்லது, சிவப்பும் கறுப்பும் தெரிந்தால் கெட்டது என்று பலன் சொல்லவும் ஆள்கள் உண்டு. கனவே வராமல், நல்ல சம்பந்தம் ஒன்று கைநழுவிப் போன கதைகளும் கேட்டிருக்கிறோம். குர்ஆனின் அத்தியாயங்களைக் கற்றுத் தருவதுபோல் நபியவர்கள் இஸ்திகாராவைக் கற்றுத்தந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் நபிமொழியில் கனவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டு ரக்அத் தொழுது, இந்தக் காரியம் எனக்கு நல்லதென்றால் எளிதாக்கு, தீயதென்றால் இதை என்னிடமிருந்தும் என்னை இதிலிருந்தும் திருப்பிவிடு, நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு விதித்து அதில் என்னை மனநிறைவு கொள்ளச் செய் என்று கேட்பதே அந்த துஆ. அதன் பிறகு விசாரிக்க வேண்டியவர்களிடம் விசாரித்து, ஆலோசிக்க வேண்டியவர்களிடம் ஆலோசித்து, ஓர் அடி எடுத்துவைக்க வேண்டியதுதான். வழி எளிதாகத் திறப்பதும் அடைபடுவதும், அடைபட்ட பிறகு மனம் அடங்குவதும் வழிகாட்டலே. இதில் சுவையான கதை எதுவும் கிடைக்காது என்பதால்தான் கனவுகளுக்கு இத்தனை மவுசு என்று நினைக்கிறேன்.

வழிகாட்டுபவன் அவன் என்றால் நாம் என்ன செய்வதற்கு இருக்கிறது என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்ற நபிமொழியே போதிய பதில். நங்கூரம் போடாமல், இறைவனைச் சார்ந்திருக்கும் தவக்குல் பேசுகிறவரை, படகு உரிமையாளரான எந்தச் சம்மாட்டியும் படகில் ஏற்றமாட்டார். “நமக்காக முயல்பவர்களை நிச்சயமாக நம் வழிகளில் செலுத்துவோம்” என்று 29:69 வாக்களிக்கிறது; அங்கே முயற்சி நம்முடையது, செலுத்துவது அவனுடையது.

நான் வலியுறுத்த விரும்பும் செய்தி இதற்கு அடுத்து வருவது. ஈமானைத் தன் சம்பாத்தியமாக எண்ணுபவருக்கும் கொடையாக அறிந்தவருக்கும் உள்ள வேறுபாடு, அடுத்தவரை நடத்தும் விதத்தில் தெரிந்துவிடும். தாங்கள் இஸ்லாத்தை ஏற்றதை நபிக்குச் செய்த உபகாரமாகக் கருதியவர்களுக்கு, “உங்கள் இஸ்லாத்தை எனக்குச் செய்த உபகாரமாகச் சொல்லிக்காட்டாதீர்கள்; ஈமானின் பக்கம் உங்களுக்கு வழிகாட்டியதன் மூலம் அல்லாஹ்தான் உங்களுக்கு உபகாரம் செய்தான்” என்ற 49:17ஆம் வசனம் பதிலாக வந்தது. தம்மை வளர்த்து ஆளாக்கிக் கடைசிவரை காத்து நின்ற பெரிய தந்தை அபூதாலிபின் மரணப் படுக்கையருகே நபியவர்கள் எவ்வளவு மன்றாடியும் அவர் கலிமாச் சொல்லவில்லை. “நீர் விரும்பியவரை நேர்வழியில் செலுத்த உம்மால் இயலாது, அல்லாஹ்வே தான் நாடியவரைச் செலுத்துகிறான்” என்ற 28:56ஆம் வசனம் அதையொட்டி இறங்கியது. இறைத்தூதரின் அன்பாலேயே கொடுக்க முடியாத ஒன்றை, தொப்பியாலும் தாடியாலும், பரம்பரைப் பெயராலும், ஜமாஅத்துக்கு அளித்த நன்கொடையாலும் நாம் அடைந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, தொழ வராதவனை ஏளனமாகப் பார்ப்பதும் மாற்று மதத்து அண்டைவீட்டாரிடம் முகம் திருப்புவதும் எப்படித் தகும்?

இதற்குப் பொருத்தமான ஒருவர் இந்தக் கரையிலேயே வாழ்ந்திருக்கிறார். குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம், இராமேசுவரத்தில் படகு வைத்திருந்தவரும் பள்ளிவாசலில் தொழவைத்தவருமான தம் தந்தை ஜைனுலாப்தீனைப் பற்றித் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மாலைத் தொழுகை முடிந்து அவர் வெளியே வரும்போது பல சமயத்தவரும் கிண்ணங்களில் தண்ணீர் வைத்துக் காத்திருப்பார்கள்; அவர் விரல் நுனியைத் தோய்த்து ஓதிக்கொடுத்த அந்தத் தண்ணீர் நோயாளிகளுக்குப் போகும்; குணமானவர்கள் நன்றி சொல்ல வீடு தேடி வந்தால், அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்கள் என்று புன்னகையோடு சொல்லிவிடுவார். ஓதிக் கொடுக்கும் தண்ணீர் பற்றி மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். வந்த நன்றியைத் தன் கையில் ஒரு கணமும் வைத்துக்கொள்ளாமல் உரியவனிடம் அனுப்பிவைத்த அந்தப் பண்பில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரமலான் மாதத்தில் தங்கள் நாளிதழ் நோன்புக் கஞ்சி விநியோகத்தின் படங்களுக்கும், இஃப்தார் நிகழ்ச்சிகளின் விருந்தினர் பட்டியலுக்கும் தாராளமாக இடம் தருகிறது. அதில் வாரத்துக்கு அரைப் பத்தி ஒதுக்கி, மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று ஊருக்கு ஒருவராக, மோதினார், மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாது, தலைச்சுமையாக மீன் விற்கும் பெண், கடலுக்குப் போன கணவர் திரும்பாத வீட்டார் போன்றவர்கள் தங்கள் அன்றாடத்தில் ஈமானை எங்கே கண்டார்கள் என்பதைச் சொந்தச் சொற்களில் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். பெயரை வெளியிட்டால் பெருமையடிப்பதாக ஆகிவிடுமோ என்று இவர்களில் பெரும்பாலோர் தயங்குவார்கள் என்பதால், பெயரும் படமும் இல்லாமல் வெளியிட இசைய வேண்டும். பலருக்குத் தட்டச்சுப் பழக்கம் இல்லை. அவர்கள் சொல்லச் சொல்லக் கையால் எழுதி அஞ்சலில் அனுப்ப எங்கள் பகுதி வாசகர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். கையெழுத்துப் பிரதிகளை ஏற்றுக்கொள்வீர்களா என்பதை நோன்புப் பிறைக்கு முன்பே தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
பெரியபட்டினம்,
இராமநாதபுரம் மாவட்டம்.